இடது கால்

காரை ஸ்டேஷனுக்கு வெளியே சரிவில் நிறுத்தியிருக்கிறேன், சார்ஜன். முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்துவிட்டேன். உங்கள் ஜீப்புக்கு ஒன்றும் ஆகாது. போன வாரம் நீங்களே சாவியைத் திருப்பிக் கொடுத்த அதே டட்சன்தான். முன் பம்பரில் கொஞ்சம் நெளிவு. மற்றபடி நல்ல வண்டி.

அர்ஜுனன் விஷயமாகத்தான் வந்தேன். விசாரணை முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டு, பிறகு உங்கள் இன்ஸ்பெக்டருக்கு மலாயில் சொல்லுங்கள். என் மலாய் பாசாரில் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான்.

நான் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் டீமேக்கர். டீமேக்கர் என்றால் தேநீர் கலக்குகிறவன் என்று டவுன்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். லோரியிலிருந்து கொழுந்து இறங்குவதிலிருந்து தூளாகிப் பெட்டிக்குள் போகும்வரை எல்லாம் என் பொறுப்பு. இலையை மாடியில் வாட்டி, கீழே கொண்டுவந்து உருட்டி நசுக்கி, குளிர்ந்த அறையில் பரப்பி வைப்போம். பச்சை வாடை மெல்லப் போகும். பழுத்த ஆப்பிள் மாதிரி ஒரு மணம் எழும். எழுந்ததும் அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். அவசரப்பட்டால் தூள் கசக்கும். தூங்கிவிட்டால் சவசவத்துப் போகும். அந்த நேரத்தைச் சொல்ல எங்கள் ஃபேக்டரியில் மெஷின் கிடையாது. என் மூக்குதான்.

வெள்ளைக்காரத் துரை இருந்தபோது பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்தால் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். "இவர் லிங்கம். எங்கள் தோட்டத்தின் மூக்கு" என்று அறிமுகம் செய்வார். அவர்கள் என் கையைக் குலுக்கிவிட்டு என் மூக்கைப் பார்ப்பார்கள். என் மனைவி அம்மாக்கண்ணு உயிரோடு இருந்த வரையில், லயத்தில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று வாசலில் நின்றபடியே நான் சொல்வதைக் கேட்டு ஆச்சரியப்படுவாள். எனக்கு வேறு திறமை எதுவும் இல்லை. பாட வராது, பந்து உதைக்க வராது. இந்த ஒன்றில் மட்டும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் பேச வேண்டும்.

அர்ஜுனன் கொழுந்து லோரி டிரைவர். அவனிடம் ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட் இருந்தது. கம்போங் ராஜாவில் டயர் கடை வைத்திருக்கும் சீனத் தவ்கேயிடம் தேய்ந்த டயர்களைச் சும்மா வாங்கி வந்து மாட்டுவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஃபேக்டரிக்குப் பின்னால், லோரிகள் திரும்பும் சிமெண்டு முற்றத்தில், அந்த டயர்களை எரிப்பான். தீ வைத்து அல்ல. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பின் சக்கரம் இரண்டும் மட்டும் வெறிபிடித்த மாதிரி சுற்றும். ரப்பர் தீய்ந்து வெள்ளைப் புகை கிளம்பி, வண்டியையே மூடிவிடும். உள்ளேயிருந்து அவன் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். லயமே திரண்டு வந்து பார்க்கும். கோயில் பண்டாரம் பூஜைத் தட்டோடு வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் ஒருநாள் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"தம்பி, தேயிலை வாடையை இழுக்கும். மேல மாடியில எல வாட்டுற காத்தாடி ஓடுது. உன் புகை உள்ள போச்சுன்னா லண்டன்காரன் டீக்குப் பதிலா டயரைத்தான் குடிப்பான்."

"ஐயையோ, எனக்குத் தோணலீங்கய்யா. இனிமே வண்டி மூஞ்சிய ஃபேக்டரி சுவரு பக்கம் வச்சுக்கிறேன். பின்னாடி பள்ளம்தானே, புகை அப்படியே போயிரும்."

அன்றிலிருந்து அப்படித்தான் செய்தான். சொன்னால் கேட்கிற பிள்ளை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

எண்பதாம் ஆண்டு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். தேறி எழுந்து வேலைக்குப் போனேன். பரப்பி வைத்த இலையில் ஒரு கைப்பிடி அள்ளி முகத்தருகே கொண்டுவந்து இழுத்தேன். ஒன்றும் இல்லை. ஈரத்துணியை முகர்ந்த மாதிரிகூட இல்லை. தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. சளி போனால் சரியாகும் என்று நினைத்தேன். சளி போனது.

நான் பதறவில்லை. இலையின் நிறம் எனக்குத் தெரியும், விரலுக்கு நடுவே அதன் பிசுபிசுப்பு தெரியும். அது போதவில்லை என்றால் இராசம்மா இருந்தாள். அந்த அறையில் பல வருடமாக வேலை செய்கிறவள். பச்சை வாடை இருக்கும்வரை முக்காட்டை மூக்குக்கு மேல் இழுத்து விட்டுக்கொள்வாள். மணம் எழுந்ததும் தன்னையறியாமல் அதைத் தளர்த்துவாள். நான் இலையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிற மாதிரி மூடி, அவள் முக்காட்டைப் பார்ப்பேன். பிறகு "ம், அனுப்பு" என்பேன். பல மாதம் இப்படி ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்று மாறி அடித்திருக்கிறது. பள்ளத்துக்குப் போக வேண்டிய அர்ஜுனனின் புகை மாடிக்குள் போய்விட்டது. அந்த இலையை மறுநாள் நான் தொட்டேன், பிசைந்தேன், முகர்ந்தேன், அனுப்பினேன். கோலாலம்பூரிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. தூள் ரப்பர் நாறுகிறது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க பாத்துத்தானே அனுப்பினீங்க, லிங்கம்?"

"சளி, சார்."

வெளியே இராசம்மா நின்றிருந்தாள். "எனக்கே கொமட்டுச்சுங்கய்யா. நீங்க ஒண்ணும் சொல்லலியே, சரியாத்தான் இருக்கும்னு நானும் வாயத் தொறக்கல" என்றாள். அவள் என்னை நம்பியிருக்கிறாள், நான் அவளை நம்பியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

அர்ஜுனன் தானாகவே மேனேஜரிடம் போய்த் தன் தப்பு என்று ஒப்புக்கொண்டான். இனிமேல் ஃபேக்டரிப் பக்கம் டயர் எரிப்பதில்லை என்று அம்மன் மேல் சத்தியம் செய்தான். எஸ்கார்ட்டை விற்றும்விட்டான். அவ்வளவோடு எல்லாம் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒருநாள் மலையடிவாரத்தில் தாப்பாவுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். அர்ஜுனனும் அங்கே வந்திருந்தான். திரும்பும்போது என் டட்சனில் ஏற்றிக்கொண்டேன். வழியில் மலைவாசிகளான ஓராங் அஸ்லிகள் பழம் விற்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னான். இறங்கினான், ஏறினான். மலை ஏற ஏறப் பனிமூட்டம். முன்னால் ஒரு லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் அரைக் க்ளட்ச்சிலேயே ஓட்டினேன்.

"ஐயா, க்ளட்ச் கருகுது" என்றான்.

"முன்னால போற லோரி."

"லோரி இல்லீங்கய்யா. நம்ம வண்டிதான். நாத்தம் மூக்கப் பிச்சுக்கிட்டுப் போகுது. உங்களுக்குத் தெரியலையா?"

நான் கியரை மாற்றினேன். அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு மிக மெதுவாகக் கேட்டான்.

"பின் சீட்டுல என்ன இருக்குன்னு தெரியுமாங்கய்யா?"

கண்ணாடியில் பார்த்தேன். சாக்கில் கட்டிய டுரியான் பழங்கள். ஜன்னல்களை மூடிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். சார்ஜன், டுரியானை மூடிய காரில் வைத்துக்கொண்டு அதன் நாற்றம் தெரியாமல் வருகிறவன் இந்த நாட்டில் ஒருவன்கூட இருக்க மாட்டான்.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். கியரின் மேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு நாளா மாமா?"

அன்றுவரை என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவான். மூக்கு போனது தெரிந்ததும் மாமா ஆகிவிட்டேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நான் பாத்துக்கிறேன் மாமா. நீங்க கவலைப்படாதீங்க லா."

சொன்னபடி பார்த்துக்கொண்டான். கொழுந்து இறக்க வரும்போது ஏதாவது சாக்குச் சொல்லி அந்த அறைக்குள் வருவான். மூச்சை இழுப்பான். ஆகிவிட்டது என்றால் காதைச் சொறிவான். ஆகவில்லை என்றால் தரையைப் பார்த்தபடி போய்விடுவான். திரும்பி வருவான். அவனுக்கு நல்ல மூக்கு. என் மூக்கைவிட நல்லது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல மூக்கு. அந்த வருடம் எங்கள் தூளுக்கு இதற்கு முன் கிடைக்காத பெயர் கிடைத்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார். லிங்கம் ஐயா மூக்கு திரும்பிவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். திரும்பத்தான் செய்தது. கொழுந்து லோரி ஓட்டிக்கொண்டு.

ஃபேக்டரியோடு நிறுத்திக்கொண்டானா என்றால், இல்லை. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து பால் திரிந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பான். மீன் வாங்கினால் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது வேணாம் மாமா" என்று கொண்டுபோய்க் கொட்டுவான். அடுப்பை அணைத்திருக்கிறேனா என்று பார்ப்பான். ஒருநாள் தயங்கித் தயங்கி, "அந்தச் சட்டையக் கழட்டிக் குடுங்க மாமா, நான் கொண்டுபோய்த் தொவைக்கப் போடுறேன்" என்றான். மிகவும் மென்மையாகத்தான் சொன்னான். அந்தச் சட்டையோடு நான் அன்று காலையில் மேனேஜர் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அவன்மேல் வருத்தம் எதுவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அப்போதுதான் டயர் எரிக்கக் கற்றுக்கொடு என்று அவனைக் கேட்டேன். அவன் எனக்கு இவ்வளவு செய்கிறானே, அவன் பெரிதாக நினைக்கிற ஒன்றை நானும் மதித்துக் கேட்டால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டான். சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினான். சத்தியம் செய்திருக்கிறாயே என்றேன். "மாடியில எல இல்லாத நாளாப் பாத்துச் செய்வோம் மாமா. அம்மனுக்குத் தேயிலை மேலதான் கோவம், நம்ம மேல இல்ல" என்றான்.

முதல் பாடம் என் டட்சனுக்கு வெளியே நடந்தது.

"காருக்கு முன்னால யாரும் நிக்கக் கூடாது. பூனை நின்னாலும் எறங்கி வெரட்டிட்டுத்தான் ஏறணும். இத மறந்தா மத்தது எல்லாம் வீண்."

பிறகு மற்றது. ஹேண்ட் பிரேக்கைத் தொடக் கூடாது, அது பின் சக்கரத்தைப் பிடிக்கும், நமக்குச் சுற்ற வேண்டியதே அதுதான். பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், டட்சன் மாதிரி சின்ன இன்ஜினுக்கு அது உதவி. க்ளட்ச்சை அடிவரை மிதித்து முதல் கியர். வலது காலால் எண்ணெய்ப் பெடலை, அதுதான் ஆக்சிலேட்டரை, அழுத்தி இன்ஜினைக் கதறவிட வேண்டும். பிறகு க்ளட்ச்சைச் சட்டென்று விட்டுவிட வேண்டும். மெதுவாக விட்டால் சக்கரம் சுற்றாது, க்ளட்ச்தான் கருகும். சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்த அதே நொடியில், க்ளட்ச்சை விட்ட இடது கால் பிரேக்குக்குப் போக வேண்டும். அழுத்தமாக அல்ல. முன் சக்கரம் நிற்கும் அளவுக்கு, பின் சக்கரம் நிற்காத அளவுக்கு. வலது கால் எண்ணெயை விடவே கூடாது. நிறுத்த வேண்டுமென்றால் க்ளட்ச்சை மிதித்து எண்ணெயை விட வேண்டும்.

"எல்லாம் இடது கால்லதான் இருக்கு மாமா. அந்தக் கால் எழுந்துச்சுன்னா வண்டி பாஞ்சிரும்."

முதல் சில ஞாயிறுகள் இன்ஜின் இருமி இருமி அணைந்தது. பிறகு பிடிபட்டது. சக்கரம் சுற்றும்போது ஓர் அதிர்வு சீட்டின் வழியாக முதுகெலும்புக்கு ஏறும். பிரேக்கின் அழுத்தம் கட்டைவிரல் நுனியில் தெரியும். கண்ணாடியில் வெள்ளைப் புகை. எல்லோரும் அதன் நாற்றத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தத் தொந்தரவும் இல்லை. பத்து விரலும் இரண்டு காலும் இருந்தால் போதும், மூக்கே தேவையில்லாத ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். "என்னைவிட சுத்தமா அடிக்கிறீங்க மாமா" என்றான் அர்ஜுனன். அவன் முகஸ்துதி செய்கிறவன் அல்ல.

திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் அம்சவல்லி. அவளுக்கும் அர்ஜுனனுக்கும் பேசி முடித்தார்கள். பெரியவனாக நான்தான் தாம்பூலத் தட்டு ஏந்திப் போனேன். பெண்ணின் அப்பா அவனுக்கு சிங்கப்பூர் வரை காய்கறி ஏற்றிப் போகும் லோரியில் வேலை பார்த்து வைத்திருந்தார். கல்யாணம் முடிந்ததும் அவன் தோட்டத்தை விட்டுப் போகிறான் என்று எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசினார்கள். நானும் பேசினேன். இரண்டு கை நிறைய பலகாரம் சாப்பிட்டேன். அதற்கும் மணம் இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் வண்டிக்குள் அவன் சொன்னான்.

"மாமா, ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் போறதுக்கு முன்னால மேனேஜர் தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன். உங்கள இப்படித் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல."

"என்னன்னு சொல்லுவே?"

"உள்ளதத்தான். நல்ல மனுஷன் லா அவரு. கேட்டுல உக்காந்து, லோரி வந்தா தடுப்புக் கட்டையத் தூக்குற வேலை குடுப்பாரு. பாரமில்லாத வேலை. யாரும் உங்கள எளப்பமா நெனைக்க மாட்டாங்க மாமா. பாவம்னுதான் நெனைப்பாங்க."

"எப்போ சொல்லப் போற?"

"திங்கக்கெழம."

நான் தலையாட்டினேன். ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். பனி நிறைய இருந்தது.

ஒரு விஷயத்தை நீங்களும் யோசித்துப் பாருங்கள், சார்ஜன். அவன் பேசாமல் போயிருந்தால் போயே போயிருப்பான். முட்டைக்கோஸ் லோரியோடு என் மூக்கும் சிங்கப்பூருக்குப் போயிருக்கும். நான் எப்படியாவது சமாளித்திருப்பேன். அவன் போகும்போது சும்மா போகிறவன் இல்லை. எல்லோருக்கும் நல்லது செய்துவிட்டுத்தான் போவான்.

எனக்காக நான் கவலைப்படவில்லை. கட்டையைத் தூக்குவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. தேயிலையைப் பற்றித்தான் நினைத்தேன். டீமேக்கருக்கு மூக்கே இல்லை என்று வெளியே தெரிந்தால் எங்கள் தூளை யார் வாங்குவார்கள்? எத்தனை குடும்பம் அந்தத் தூளை நம்பி இருக்கிறது? ஒரு மனிதன் தன் தோட்டத்துக்காக இதைக்கூட யோசிக்க மாட்டானா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாடியில் இலை இல்லை, காத்தாடிகள் ஓடவில்லை. லயத்தில் பாதிப்பேர் பாசாருக்குப் போயிருந்தார்கள். கடைசியாக ஒருமுறை எரித்துவிடலாம், நீ போன பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கூப்பிட்டேன். வந்தான். தண்ணீரை அவனே ஊற்றினான். வழக்கம்போல வண்டியின் முகம் சுவரைப் பார்த்து நின்றது.

"அர்ஜுனா, முன்னால போய் நில்லு" என்றேன்.

"மொதப் பாடமே மறந்துருச்சா மாமா?" என்று சிரித்தான்.

"மறக்கல. போன தடவை க்ளட்ச் கருகினது எனக்குத் தெரியல. எனக்குத்தான் தெரியாதே. நீ பக்கத்துல நின்னா புகை மறைச்சிடுது, உன் கை தெரியறதில்ல. முன்னால நின்னு மோந்து பாத்துக் கை காட்டு. எனக்கு மூக்கு இல்லப்பா."

அதுவரை நான் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனிடம்கூடச் சொன்னதில்லை. அதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. நான் ஒருவழியாக அவனை நம்பிவிட்டேன் என்று நினைத்திருப்பான். தயக்கமெல்லாம் போய்விட்டது.

"இத மொதல்லயே கேட்டா என்ன மாமா" என்று சொல்லி, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே போய் நின்றான்.

க்ளட்ச்சை மிதித்தேன். முதல் கியர். இன்ஜினைக் கதறவிட்டேன். க்ளட்ச்சைச் சட்டென்று விட்டேன். சக்கரம் சுற்றியது. இடது காலைப் பிரேக்கில் வைத்தேன். பள்ளத்துப் பக்கம் புகை எழும்பியது. வண்டி கொஞ்சம்கூட அசையவில்லை. அவ்வளவு சுத்தமாக நான் அதுவரை செய்ததில்லை. அவன் மூச்சை இழுத்துப் பார்த்தான். ஒரு வாடையும் இல்லை என்று தலையாட்டினான். கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான் இடது காலை எடுத்தேன்.

அவன் பயந்தான் என்று சொல்ல மாட்டேன். இரண்டு கையையும் நீட்டி, "க்ளட்ச் மாமா, க்ளட்ச்" என்று கத்தினான். கடைசிவரை சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

பிறகு க்ளட்ச்சை மிதித்தேன். எண்ணெயை விட்டேன். இன்ஜினை அணைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் இராசம்மா. சுவர்ப் பக்கம் பார்த்தாள். அலறினாள். பிறகு என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். கால் நழுவிவிட்டது என்றேன். அந்த நேரத்தில் அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. உங்களுக்கும் போதுமானதாக இருந்தது.

இறுதிச் சடங்கை நான்தான் முன்னின்று நடத்தினேன். திரிங்காப்பிலிருந்து அம்சவல்லி வந்திருந்தாள். கல்யாணத்துக்கென்று வளர்த்த பூவையெல்லாம் அவள் அப்பா லோரியில் கொண்டுவந்து இறக்கினார். முற்றமெல்லாம் பூ. அவள் என்னைத் தேடி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க ஒடைஞ்சு போயிடாதீங்க. அவரு எப்பவும் உங்க நெனப்புலயே இருப்பாரு. என்ன விஷயம்னு கேட்டா சொல்ல மாட்டாரு. மாமாவ நான் பாத்துக்கணும்னு மட்டும் சொல்லுவாரு."

அவளிடம்கூடச் சொல்லவில்லை என்று தெரிந்து எனக்கு நிம்மதியாக இருந்தது. வாக்கைக் காப்பாற்றியிருக்கிறான். அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தேன்.

அதற்குப் பிறகு வந்த தூளெல்லாம் கெட்டுப்போனது. ஒருநாள் கசக்கும், ஒருநாள் சவசவக்கும். இராசம்மா அந்த அறைக்குள் வரவே மாட்டேன் என்று தூள் சலிக்கும் சிஃப்டிங் ரூமுக்கு மாறிப் போயிருந்தாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். திட்டவில்லை. மகனைப் போல இருந்தவனைத் தன் கையாலேயே பறிகொடுத்தவருக்கு எப்படி வேலையில் மனம் செல்லும் என்றார். கொஞ்ச காலம் கேட்டில் உட்காருங்கள், லோரி வந்தால் கட்டையைத் தூக்கினால் போதும் என்றார். இப்போது அங்கேதான் இருக்கிறேன். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் என்னைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். ஒருத்தி நேற்று எனக்கு இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது உங்கள் விசாரணை முடிவு. பேப்பரிலும் போட்டுவிட்டார்கள். வயதானவர், பழக்கமில்லாத வித்தையை முயன்று பார்த்திருக்கிறார், பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து எண்ணெய்ப் பெடலை மிதித்துவிட்டார் என்று. கேட்டில் நிற்கும்போது லோரிக்காரர்கள் அதைப் பேசிச் சிரிக்கிறார்கள். கிழவனுக்கு எதற்கு இந்த வேலை, எது பிரேக் எது எண்ணெய் என்றே தெரியாதவன் என்கிறார்கள்.

சார்ஜன், நீங்களும் கார் ஓட்டுகிறவர். அந்த இரண்டையும் எப்படிக் குழப்பிக்கொள்ள முடியும்? டயர் எரிக்கும்போது எண்ணெயில் வலது கால், பிரேக்கில் இடது கால். வலது கால் கடைசிவரை அதன் இடத்தில்தான் இருந்தது, இருக்க வேண்டிய அளவில் இருந்தது. ஃபேக்டரி முற்றத்துக்குப் போய்ப் பாருங்கள். மழை இன்னும் அழிக்கவில்லை. இரண்டு கறுப்புக் கோடு. வளைவு இல்லை, நடுக்கம் இல்லை, சுவர்வரை அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். பதறினவன் தடம் அப்படியா இருக்கும்? கால் நழுவியது என்று நான் சொன்னது பொய். நழுவவில்லை. எடுத்தேன். எந்த நொடியில் எடுக்க வேண்டும் என்று நினைத்தேனோ அந்த நொடியில் எடுத்தேன். அதை அப்படியே எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அர்ஜுனனைப் பற்றித் தப்பாக எதுவும் எழுதிவிடாதீர்கள். குடிக்க மாட்டான், பொய் பேச மாட்டான், கொடுத்த வாக்கை மீற மாட்டான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு குறைதான். யாரும் கேட்காமலேயே மற்றவர்மேல் இரக்கப்பட்டுவிடுவான். அதை யாராவது ஒருவர் அவனுக்கு எடுத்துச் சொல்லித்தானே ஆக வேண்டும்?